பொருத்தனையும் கல்விக் கடனும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்தபின் ஒரு தம்பி என் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு வயது 26. பாளையங்கோட்டையில் தனியார் நிறுவனம் ஒன்றில் மாதம் 24,000 ரூபாய் சம்பளம். தகப்பனார் இல்லை, தாயார் பீடி சுற்றுகிறார்கள். தங்கை செவிலியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். அந்தப் படிப்புக்காக வாங்கிய வங்கிக் கடனில் 3,20,000 ரூபாய் நிற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், 30 வயதுக்குள் வேலையை விட்டு வடநாட்டு மிஷன் தளம் ஒன்றுக்கு முழுநேர ஊழியத்துக்குப் போவதாக அவர் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை செய்திருக்கிறார். ஜெபக்குழு நண்பர்கள், "கடனைப் பார்த்துத் தயங்குகிறவன் கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன்" என்கிறார்கள். தாய்மாமனோ, "முதலில் கடனை அடை, தங்கச்சியை 40 பவுன் போட்டுக் கட்டிக்கொடு, வீட்டுக்குக் காங்கிரீட் போடு, அப்புறம் சாமியைப் பார்க்கலாம்" என்கிறார். விசுவாசத்தின்படி நடப்பதா, நடைமுறையைப் பார்ப்பதா, இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது தம்பியின் கேள்வி. ஆலய வாசலில் நின்றபடி இரண்டு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

தம்பி, "நடுவில்" என்ற சொல்லில்தான் நீங்கள் வழி தவறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். விசுவாசத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, நடைமுறையில் கொஞ்சத்தைக் கூட்டி, தராசு முள் நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நிம்மதி வரும் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். அப்படிச் செய்கிற குடும்பங்களை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அங்கே ஊழியமும் அரைகுறையாக நிற்கிறது, வீட்டுக் கடமையும் அரைகுறையாக நிற்கிறது. அதற்கு மாறான ஒன்றைச் சிறுவயதில் என் வீட்டு வாசலிலேயே பார்த்தேன் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

என் தகப்பனார் பனையேறி. எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. பதநீர்க் காலத்தில் பாளையைக் காலையும் மாலையும் சீவவேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும், அதை மறுபடி வழிக்குக் கொண்டுவரப் பல நாள் ஆகும். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தெரியாது. எங்கள் சபையோ ஓய்வுநாள் ஆசரிப்பில் கண்டிப்பான சபை. ஆகையால் சிலர் மற்ற நாட்களைப்போலவே ஞாயிறும் ஏறி, இறக்கி, காய்ச்சி, ஆராதனைக்குப் பிந்தி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிலர் வைராக்கியமாக மரத்தை விட்டுவிட்டு, பாதிப் பருவத்தை இழந்து, அடுத்த மாதம் கடனுக்கு அலைந்தார்கள். என் தகப்பனார் ஞாயிறு விடியுமுன் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் மரம் ஏறக் காலில் மாட்டும் திளாப்பையும் பாளை சீவும் அருவாப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போவார். பாளையைச் சீவி, கலயத்தை இறக்கி, முதல் மணி அடிப்பதற்குள் குளித்துவிட்டு நிற்பார். ஆனால் அன்று பதநீர் காய்ச்சும் குடிசையான எங்கள் விடிலியில் அடுப்பு எரியாது. அந்தப் பதநீர் ஒரு பெரிய பானையில் வாசல் வேப்பமரத்தடியில் இருக்கும். கோவிலிலிருந்து திரும்புகிறவர்கள், வேறு மதத்து அயலார், வழிப்போக்கர் என்று யார் வந்தாலும் என் அம்மா ஓலைப் பட்டை மடித்து ஊற்றிக் கொடுப்பார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீரும் வெயில் ஏறினால் அதிக நேரம் நிற்காது. திங்கட்கிழமைக்கு எடுத்து வைக்க முடியாது. விற்காவிட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஏழு நாளில் ஒருநாள் கருப்பட்டி எங்களுக்கு இல்லாமல் போனது. இந்த ஏற்பாட்டை அவர் தனியாகத் தீர்மானிக்கவில்லை, அம்மாவிடம் கேட்டுத்தான் செய்தார் என்பதைப் பிற்காலத்தில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவர் நடுவில் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பனையின் இயல்பு என்ன கேட்கிறதோ அதை முழுவதும் செய்தார். கர்த்தருடைய நாள் என்ன கேட்கிறதோ அதையும் முழுவதும் செய்தார். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவர் சொன்னதைத் தன் வசதிக்கான சாக்காக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாளை மற்ற மனுஷருக்கு விருந்தாக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டார். இதற்கு அவர் வேதசாஸ்திரம் படித்ததில்லை. பனையை நன்றாக அறிந்திருந்தார், ஆண்டவருக்குப் பயந்தும் இருந்தார், அவ்வளவுதான்.

இனி வேதத்துக்கு வருவோம். ஒருவன் கோபுரம் கட்ட நினைத்தால், முதலில் உட்கார்ந்து, செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் அல்லவா என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். அஸ்திபாரம் போட்டுவிட்டு முடிக்கத் திராணியில்லாமல் போனால் பார்க்கிறவர்கள் பரியாசம் பண்ணுவார்கள் என்கிறார். இந்த உவமையை உங்கள் மாமா போன்றவர்கள் விரும்பி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று 33ஆம் வசனம் முடிகிறது. கணக்குப் பார் என்று சொன்ன அதே வாய், எல்லாவற்றையும் விடு என்றும் அதே மூச்சில் சொல்லுகிறது. ஒரு காலத்தில் இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. பிறகு விளங்கிற்று: கோபுரம் வேண்டுமா வேண்டாமா என்பதற்காக அந்த மனிதன் கணக்குப் பார்க்கவில்லை. கட்ட மனதாயிருந்துதான் உட்காருகிறான். கட்டி முடிக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு மெய்யானதோ அவ்வளவு கவனமாகச் செங்கலையும் சுண்ணாம்பையும் எண்ணுவான். கட்ட மனமில்லாதவனும் கணக்குப் போடுவான். அவன் கணக்கில் எப்போதும் துண்டு விழும்.

ஆகவே உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், தம்பி. நீங்கள் தாளில் கொடுத்த தொகைகளையே எடுத்துக்கொண்டேன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்து, மாதம் 12,000 ரூபாய் கடனுக்கென்று ஒதுக்கினால், ஏறக்குறைய 30 மாதத்தில் கடன் முடிந்துவிடும். அப்போது உங்களுக்கு 28 வயதும் சில மாதங்களும் ஆகியிருக்கும். உங்கள் பொருத்தனையோ 30 வயதுக்குள் என்பது. அதற்குள் தங்கையும் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருப்பாள். அவள் ஒரு கை கொடுத்தால் காலம் இன்னும் குறையும். மீதி 12,000 ரூபாயோடும் தாயாரின் கூலியோடும் வீட்டை நடத்தவேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனாலும் நம் ஊரில் எத்தனையோ வீடுகள் அதற்குள் நடக்கின்றன. அப்படியானால் இரண்டு ஆண்டுகளாக உங்களைத் தூங்கவிடாத அந்தப் பெரிய மோதல் எங்கே இருக்கிறது? ஒருபுறம் நண்பர்கள் வசனத்தைக் காட்டினார்கள். மறுபுறம் மாமா உலகத்தைக் காட்டினார். ஒருவராவது ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உங்களோடு உட்காரவில்லை.

மாமா சொன்ன பட்டியலையும் பிரித்துப் பார்க்கவேண்டும். கடன் மெய்யான கடமை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் ஊழியத்துக்குப் போகிறவனை எந்த மிஷனும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காங்கிரீட் கூரை ஒரு வசதி. 40 பவுன் இந்த இரண்டிலும் சேராது. நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வேரோடிப்போன ஒரு பாவத்தின் விலை அது. நடைமுறை என்ற பெயரில் நம்மிடம் வந்து சேருகிறவற்றில் பாதி, ஊர் என்ன சொல்லும் என்ற பயமே. தங்கைக்கு 40 பவுன் என்பதை மாமா நிர்ணயித்திருக்கிறார். அவளே சம்பாதிக்கப்போகிற ஒரு செவிலி. நகை கேட்கிற வீட்டுக்குப் போக அவளுக்கு மனமிருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? நகை கேட்காத மாப்பிள்ளையைத் தேடிக் காத்திருப்பது இந்தச் சீமையில் இன்றும் எளிதான காரியம் அல்ல. சொந்தக்காரர் ஏசுவார்கள், வயது கூடும், சில ஆண்டுகள் வீட்டில் அழுகை இருக்கும். இலட்சியத்துக்காக விலை கொடுக்க விரும்பினால், வடநாட்டுக்கு ரயில் ஏறுவதற்கு முன்னே உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியானவன் அல்ல என்ற வசனத்தை நான் தண்ணீர் விட்டு இளக்கமாட்டேன். லூக்கா 9ஆம் அதிகாரத்தில், தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனையும், வீட்டாரிடம் அனுப்புவித்துக்கொண்டு வருகிறேன் என்றவனையும் ஆண்டவர் காத்திருக்க விடவில்லை. அந்த வார்த்தைகள் நம்மைச் சுடத்தான் வேண்டும். ஆனால் அதே ஆண்டவர் வேறொரு சமயத்தில், தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களைக் கடிந்துகொண்டார். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். கடைசியில் சிலுவையில் தொங்கும்போது, மூச்சு விடுவதே பாடாக இருந்த அந்த நேரத்தில், தம் தாயாரை யோவானிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து அந்தச் சீஷன் அவர்களைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். உலகத்தின் மீட்பு நடந்துகொண்டிருந்த வேளையில், ஒரு விதவைத் தாய் இனி எந்த வீட்டில் இருப்பாள் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்லப்பட்டது. இதைப் பார்த்தபின், தாயாருக்கு ஏற்பாடு செய்வதைப் பின்னிட்டுப் பார்த்தல் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்தது போல, விட்டு வந்ததற்காக ஏங்குவதே பின்னிட்டுப் பார்த்தல். அந்த ஏக்கம் உங்களுக்குள் இருக்கிறதா என்பதை நீங்களும் ஆண்டவரும்தான் அறிவீர்கள், ஜெபக்குழு அறியாது.

இன்னொரு சோதனையைச் சொல்லவேண்டும். இதை நான் என் வெட்கத்திலிருந்து கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி ஐந்தாம் ஆண்டு, ஒரு கன்வென்ஷனின் கடைசி இரவில், கட்டிட நிதிக்கு அழைப்புக் கொடுத்தபோது நெஞ்சு பொங்கிப்போய் முன்னே சென்று, பையில் இருந்த சீட்டுப் பணம் முழுவதையும் காணிக்கைப் பையில் போட்டுவிட்டேன். அன்று மாலைதான் சீட்டு எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அடுப்பங்கரைக்குப் போய், அலமாரித் தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். பெரியவனின் பள்ளிக் கட்டணம், சின்னவளின் காதுக்கு வைத்தியம், அவள் அம்மாவுக்கு ஒரு சேலை என்று அந்தச் சீட்டுப் பணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே செலவு எழுதி வைத்திருந்தாள். சேலை என்ற வரியை மட்டும் அன்றிரவு பென்சிலால் அடித்தாள். கூட்டத்தில் எழுந்து நடந்தவன் நான். கொடுத்தவள் அவள், அதுவும் கேட்கப்படாமலே. போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக யெப்தா பண்ணின பொருத்தனையை நியாயாதிபதிகள் புத்தகத்தில் படியுங்கள். வாய் திறந்தவன் தகப்பன். விலை கொடுத்தவள் அவனுடைய ஒரே மகள். ஆகையால் இப்போது யார் என்னிடம் ஒரு பெரிய தீர்மானத்தோடு வந்தாலும், இதன் விலை யார் கையிலிருந்து போகிறது, அவர்களிடம் கேட்டீர்களா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

பிறர் செலவில் தியாகம் செய்வது தவறென்றால், பிறர் செலவில் நிதானமாக இருப்பதும் தவறே. பெத்தானியாவில் மரியாள் நளததைலத்தை ஊற்றியபோது, இதை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று மிகவும் நடைமுறையாகப் பேசியவன் யூதாஸ். கணக்கு சரிதான். ஆனால் பணப்பை அவனிடம் இருந்தது என்றும், தரித்திரரைக் குறித்து அவன் கவலைப்படவில்லை என்றும் யோவான் எழுதுகிறார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்; காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி கரை புரண்டது. அப்போது நான் எங்கள் சபையின் பொருளாளராக இருந்தேன். கோபுர வேலைக்கென்று வங்கியில் பணம் இருந்தது. வீடு இழந்த எட்டுக் குடும்பங்கள் ஆலயத்துக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தன. கமிட்டி கூடியபோது, கட்டிட நிதியை வேறு காரியத்துக்கு எடுக்க விதி இடம் கொடுக்காது, தணிக்கையில் கேள்வி வரும் என்று பேசியவன் நான்தான். சொன்னது பொய்யல்ல. ஆனாலும் அப்படிப் பேசியபோது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. விதி என்னைக் காப்பாற்றிவிட்டது என்ற நிம்மதி. அதுவே என்னைக் காட்டிக்கொடுத்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் மறுபடியும் கூடினோம். விதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பணத்தை அள்ளிக் கொடுங்கள் என்ற பேச்சும் எழுந்தது. அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. கட்டிட நிதியிலிருந்து நிவாரணத்துக்குக் கடனாக எடுப்பதென்றும், சபையார் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின் அடுத்த ஏலத் தொகையிலிருந்து அதைத் திருப்பிச் செலுத்துவதென்றும் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டோம். அன்று மாலையே எட்டு வீட்டுக்கும் ஓடும் சிமெண்டும் வாங்கப் பணம் போனது. எருசலேம் சபைக்கான தர்மப்பணத்தை எடுத்துச்செல்லும்போது ஒருவரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி பவுல் தம்மோடு வர ஆட்களை அமர்த்திக்கொண்டார் என்று இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கொடுக்கவேண்டும் என்ற தவிப்பும், கணக்குச் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற கண்டிப்பும் ஒரே மனிதனிடம் இருந்தன. அந்த ஆண்டு ஏலத்தில் ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தத் திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாறே உங்கள் கேள்விக்கு ஒரு நீண்ட விடை. விசுவாசத்துக்கு வந்தவர்கள் ஊரில் அடிபட்டு, வீட்டிலிருந்து துரத்தப்பட்டபோது, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ததோடு நிற்கவில்லை. நிலம் வாங்கிக் குடியேற்றினார். 1799இல் முதலூர் அப்படித்தான் உண்டாயிற்று. ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்மச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே காரணத்துக்காகத்தான்: ஜெபிக்கிறவனுக்குத் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குப் பத்திரம் வேண்டும். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் 192 அடி உயரக் கோபுரம் எழுப்பினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் செம்மணல் காட்டில் கிணறு தோண்டி மரம் வளர்த்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. இடையன்குடி ஆலயத்துக்குக் கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய வேலை 1880இல்தான் முடிந்தது. அந்த 33 ஆண்டுகளுக்குள் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. அவர் பஞ்ச நிவாரண வேலையையும் பார்த்தார். உங்களுக்கு 30 மாதம் என்று நான் சொன்னபோது முகம் வாடினால், இடையன்குடிக்கு ஒருமுறை போய் அந்த ஆலயத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

டோனாவூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் மனப்போராட்டத்துக்கு அதுதான் மிக அருகில் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் கிராமம் கிராமமாகப் பெண்கள் குழுவோடு சென்று சுவிசேஷம் சொன்னவர். 1901இல் தொடங்கி, ஆபத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளும் கைக்குழந்தைகளும் அவரிடம் வந்து சேர்ந்தபோது அந்தப் பயணம் நின்றது. "பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும்" என்ற நம் பழமொழியைத் தம் நிலைமைக்கு அவரே எடுத்துச் சொன்னார். சுவிசேஷம் சொல்ல வந்தவள் ஆயாவாக மாறி, குழந்தைகளின் நகம் வெட்டிக்கொண்டிருப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. ஆண்டவர் சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியதில் அவர் பதிலைக் கண்டார். இலட்சியத்தை விட்டு நடைமுறைக்கு இறங்கினார் என்று இதைச் சொல்லலாமா? அந்த இலட்சியத்துக்கு முதன்முதலாகக் கையும் காலும் முளைத்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைக்குழந்தைகள் சிலர் இறந்துபோனபோது, ஜெபித்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. மருத்துவமனை அருகில் இருக்கவேண்டும் என்று நெய்யூரில் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் ஏற்படுத்தினார். பிற்காலத்தில் டோனாவூரிலேயே மருத்துவமனை எழுந்தது. அதற்குப் பரம சுக சாலை என்று பெயர். பணத்துக்காக யாரிடமும் கையேந்துவதில்லை என்ற கொள்கையை அவர் கடைசிவரை தளர்த்தவில்லை. இரண்டையும் ஒரே ஆள் செய்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிற மிஷன் ஊழியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. தெலுங்கு நாட்டுக்குப் போனவர்களின் பெயர்கள் சங்க வரலாற்றில் இருக்கின்றன. அனுப்பியவர்களில் பலருக்குப் பெயரே இல்லை. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவந்த பெண்கள் அவர்கள். ஒரு பிடி என்பது மிக நுட்பமான அளவு, தம்பி. தினமும் எடுக்கலாம், ஆனால் பானையில் இருப்பதே இரண்டு பிடியாக இருக்கும் நாளில் அந்த ஒரு பிடி நெஞ்சை அறுக்கும். மனவிருப்பம் இருந்தால், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று பவுல் எழுதியதை, எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கைகள் சரியாக நிறைவேற்றின. வரும் 30 மாதங்களில் நீங்கள் அவர்களுடைய வரிசையில் நிற்கப்போகிறீர்கள். அது ஊழியத்துக்கு முந்திய காத்திருப்பு அறை என்று நினைக்கவேண்டாம். பவுலும் கூடாரம் பண்ணிக்கொண்டே பிரசங்கித்தார். தம்முடைய கைகளே தமக்கும் தம்மோடிருந்தவர்களுக்கும் வேண்டியதைச் சம்பாதித்தன என்று எபேசு மூப்பர்களிடம் கையை நீட்டிக் காட்டினார்.

ஜெபவாழ்க்கையைப் பற்றியும் தாளில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நாலு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிப்பதாகத் தீர்மானித்து, மூன்று நாளில் விழுந்துபோய், ஆறு மாதமாகக் குற்ற உணர்வோடு இருப்பதாக. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்ட், பலமுள்ளவன் ஆசைப்பட ஏதாவது இருக்கவேண்டும், பலவீனன் பயந்து ஓட ஏதும் இருக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு மடத்தை நடத்தும்படி தலைவனுக்குச் சொன்னார். பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். அதை ஒருநாளும் விடாதீர்கள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் அரைமணி ஆக்குங்கள்.

என் எச்சரிக்கையையும் எழுதிவிடுகிறேன். 30 மாதம் என்று நான் சொன்னதை 30 மாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தங்கை கல்யாணம் முடியட்டும், பிறகு என் கல்யாணம் முடியட்டும், பிள்ளை பள்ளியில் சேரட்டும், வீட்டுக் கடன் தீரட்டும் என்று தள்ளிப்போட்டு, ஓய்வு பெற்றபின் கண்ணீரோடு என்னிடம் வந்து பேசியவர்கள் மூன்று பேரை நான் அறிவேன். அவர்கள் யாரும் மறுதலித்தவர்கள் அல்ல. ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் இருந்தது. பொருத்தனை செய்து நிறைவேற்றாமல் போவதைவிடச் செய்யாமலே இருப்பது நலம் என்று பிரசங்கி சொல்வதை அவர்கள் மிகவும் தாமதமாகப் படித்தார்கள். ஆகையால் தேதியை எழுதுங்கள். மிஷன் அலுவலகத்துக்கு இப்போதே கடிதம் போடுங்கள். எந்த மாதத்திலிருந்து வரமுடியும், என்ன பயிற்சி வேண்டும், எந்த மொழி படிக்கவேண்டும் என்று கேளுங்கள். இந்தி படிக்க நாளை மாலையே தொடங்கலாம். அழைப்பு மெய்யானதா என்பது, ஒருவரும் கைதட்டாத இந்த மாலை வகுப்புகளில்தான் பெரும்பாலும் தெரியவரும். ஒருவேளை இடையில் தாயாருக்கு நோய் வந்து கணக்கு மாறினால், மறுபடி உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதுவும் விசுவாசக்குறைவு ஆகாது.

வருகிற சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வங்கியின் கடன் கணக்கு, சம்பளச் சீட்டு, ஒரு புது நோட்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். தாயாரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். சென்ற ஆண்டு வீடு சந்திப்புக்கு வந்தபோது அவர்களைப் பார்த்தேன்; மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், கை நூலைச் சுற்றிக்கொண்டிருக்க உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. யாருக்காக ஜெபிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் தாளை மூன்று முறை வாசித்தேன், தம்பி. நண்பர்கள் சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது. உங்கள் பொருத்தனையைப் பற்றி அம்மா என்ன சொல்கிறார்கள் என்பது அதில் எங்கும் இல்லை.